வேலையாகச் சிங்கப்பூர் போகிறீர்களா? நல்ல ஸ்பீக்கர் கேட்டுப் பார்க்க ஒரு வழிகாட்டி

லட்சக்கணக்கில் விலை போகும் ஸ்டீரியோ ஸ்பீக்கர்களைப் பற்றி எத்தனை விமர்சனம் படித்தாலும், ஒரு கட்டத்தில் நேரில் போய்க் காதால் கேட்டே ஆகவேண்டும். நம் ஊரில் அங்கேதான் இடிக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் நல்ல டீலர்கள் இருக்கிறார்கள், ஆனால் உங்கள் பட்டியலில் இருக்கும் நாலு மாடலும் ஒரே கடையில் இருக்காது, சில சமயம் ஒரே ஊரிலும் இருக்காது. ஒன்று மும்பையில் இருக்கும், இன்னொன்று ஆர்டர் கொடுத்துப் பணம் கட்டினால்தான் வரும். அதனால் ஆபீஸ் செலவில் வெளிநாடு போகும்போது ஒரு மாலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்குவது நல்ல யோசனை. ஹாங்காங், லண்டன் என்று எங்கே போனாலும் இதைச் செய்யலாம். நான் சிங்கப்பூரை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் அதிகம் பேர் போகிற ஊர் அது, கடைகளும் நிறைய ஒரே கட்டடத்துக்குள் இருக்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷோரூமில் உங்கள் காதில் விழுவது முழுக்க ஸ்பீக்கர் இல்லை. அதில் அந்த அறை கலந்திருக்கிறது, அவர்கள் மாட்டியிருக்கும் ஆம்ப்ளிஃபயர் கலந்திருக்கிறது, வால்யூம், பாட்டின் தேர்வு, உங்கள் பயணக் களைப்பு எல்லாம் கலந்திருக்கிறது. இதில் எது ஸ்பீக்கரோடு வீட்டுக்கு வரும், எது அந்தக் கடையிலேயே தங்கிவிடும் என்று பிரித்துக் கேட்கத் தெரிந்தால் போதும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

கிளம்புவதற்கு முன்

டேப் எடுத்து உங்கள் அறையை அளந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம், ஸ்பீக்கர் இருக்கப்போகும் இடத்துக்கும் சோபாவுக்கும் இடையே எத்தனை அடி, பின்சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியும் (வீட்டில் மற்றவர்கள் சம்மதிக்கிற அளவு, நீங்கள் ஆசைப்படுகிற அளவு இல்லை). இரண்டு மூன்று படமும் எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். டீலரிடம் காட்டினால் பேச்சே வேறு மாதிரி போகும்.

இந்த அளவு ஏன் என்றால், தாழ்ந்த ஒலிகளை ஸ்பீக்கரைவிட அறைதான் அதிகம் தீர்மானிக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்த நீளத்துக்கான முதல் ஒத்ததிர்வு, அதாவது அறை தானாகவே பெருக்கிக் காட்டும் ஒலி, கிடைக்கும். 12 அடி அறை என்றால் ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56. பேஸ் கிட்டாரின் கனத்த கம்பியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், அங்கிருந்து இரண்டு ஃப்ரெட் மேலே போனால் 46 சொச்சம். ஆக, நம் அடுக்குமாடி வீட்டின் 10-க்கு 12 அறையில் அந்த ஒரு ஸ்வரம் வரும்போது மட்டும் பாட்டு ‘கும்’மென்று வீங்கும், நீங்கள் எத்தனை லட்சம் கொடுத்திருந்தாலும். 23 அடி நீளமுள்ள ஷோரூமில் இதே சங்கதி 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடும், அங்கே பெரும்பாலான பாட்டில் ஒன்றுமே இல்லை. போதாததற்கு நமக்குச் செங்கல் அல்லது கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை. அங்கே ஜிப்சம் தடுப்பு, கனத்த கம்பளம். கடையில் பாஸ் (தாழ்ந்த ஒலி) பிரமாதமாக இருந்தது என்பது பாதிக்கு மேல் அந்தக் கடை அறைக்குப் போகவேண்டிய பாராட்டு.

அடுத்தது பாட்டு. கடைக்காரரின் ஸ்ட்ரீமிங் கணக்கில் நம் பாட்டெல்லாம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சிடியிலிருந்து எடுத்த ஃபிளாக் கோப்புகளை (தரம் குறையாமல் சுருக்கியவை) ஒரு பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் ஓரிரு சிடியும் பையில் இருக்கட்டும், இன்னும் பல கடைகளில் சிடி பிளேயர் இருக்கிறது. ப்ளூடூத்தில் ஃபோனை இணைத்துக் கேட்பது இந்த விலைக்கு அர்த்தமில்லை. பாட்டு ஏழெட்டு இருந்தால் போதும், ஆனால் ஒவ்வொன்றும் நூறு தடவை கேட்டதாக இருக்கவேண்டும். என் பையில் எப்போதும் இருக்கும் வகைகள் இவை: ஆண் குரல், பெண் குரல் ஒவ்வொன்று, தம்புரா தெளிவாகக் கேட்கும் ஒரு கச்சேரிப் பதிவு, தனி ஆவர்த்தனம், வயலின் கூட்டம் நிறைந்த சினிமா இடையிசை, 1960-களின் மோனோ பாட்டு ஒன்று, அப்புறம் சுமாராகப் பதிவான, ஆனால் உங்களுக்கு உயிரான ஒரு பாட்டு. கடைசியாகச் சொன்னது முக்கியம். அதைத் தாங்கமுடியாமல் செய்கிற ஸ்பீக்கரை வாங்கினால் உங்கள் சேகரிப்பில் முக்கால்வாசியைக் கேட்காமல் விட்டுவிடுவீர்கள்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆம்ப்பின் மாடல், வாட், எத்தனை ஓமில் எவ்வளவு என்பதையும் குறித்துக்கொண்டு, கடைகளுக்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் போடுங்கள். எந்த மாடல் கேட்க வேண்டும், எந்த நாள், எத்தனை மணி, அவ்வளவு போதும். நாம் தேடும் மாடல் டெமோவில் இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

எந்த நாள் போவது

வந்து இறங்கிய நாளில் வேண்டாம். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ராத்திரி விமானம் பிடித்து விடியற்காலை சாங்கியில் இறங்கினால் தூக்கமும் இருக்காது, காதும் சரியாக இருக்காது. விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம், கூடவே நாலு மணி நேரம் விடாத இரைச்சல். காது அடைத்த மாதிரி இருக்கும்போது எல்லா ட்ரெபிளும் (உயர்ந்த ஒலிகள்) மந்தமாகத்தான் படும், அப்போது பளிச்சென்று கத்துகிற ஸ்பீக்கர்தான் பிடித்துப்போகும், ஊருக்கு வந்தபிறகு தலைவலிக்கும். சளி பிடித்திருந்தால் போகவே வேண்டாம்.

இரண்டு மீட்டிங்குக்கு நடுவே கிடைக்கும் முக்கால் மணி நேரத்திலும் வேண்டாம். மனம் ஸ்லைடில் இருக்கும்போது காது வேலை செய்யாது. வார நாளில் மாலை வேலை முடிந்தபின், அல்லது பயணத்தின் நடுவில் சனிக்கிழமை வந்தால் கடை திறந்த கையோடு போவது நல்லது. பொதுவாக அங்கே கடை திறக்க 11, 12 மணி ஆகிவிடும். சனி மதியத்துக்கு மேல் உள்ளூர்க்காரர்கள் கூட்டம் சேரும், உங்களுக்குத் தனியாக அறை கிடைக்காது.

இன்னொரு யோசனை, கொஞ்சம் வித்தியாசமாகத் தோன்றலாம். கடைக்குப் போவதற்கு முந்தின மாலை ஒலிபெருக்கி இல்லாத உண்மையான இசை எதையாவது கேளுங்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலோ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலோ பூஜை வேளையில் போய், நாதஸ்வரமும் தவிலும் வாசித்தால் ஒரு தூண் ஓரமாக நின்று கேளுங்கள். தவிலில் குச்சி விழும் வேகம், சத்தம் எழுந்து உடனே அடங்கும் விதம் இவை காதில் புதிதாக இருந்தால் மறுநாள் ஷோரூமில் எது அலங்காரம் எது நிஜம் என்று சட்டென்று பிடிபடும். எஸ்பிளனேடு அரங்கில் வாத்தியக்குழு நிகழ்ச்சி ஏதாவது இருந்து டிக்கெட்டும் கிடைத்தால் இன்னும் நல்லது.

எங்கே

சிட்டி ஹால் எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைத் தாண்டினால் கோல்மன் தெரு 1-ஆம் எண், அடெல்ஃபி கட்டடம். அதே பெயரில் பழைய ஓட்டல் இருந்த இடம் அது. வெளியே பார்த்தால் சாதாரண அலுவலகக் கட்டடம் மாதிரிதான் இருக்கும், வக்கீல் ஆபீஸ்களும் உண்டு, ஆனால் உள்ளே வெவ்வேறு மாடிகளில் ஹை-ஃபை கடைகள் வரிசையாக இருக்கின்றன. சில கடைகள் பளபளவென்று இருக்கும். சிலவற்றில் பெட்டிகளுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்து எல்.பி. இசைத்தட்டு துடைத்துக்கொண்டிருப்பார். இரண்டாவது வகையில்தான் விஷயம் தெரிந்த பேச்சு கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். முதல் தடவை எதையும் போடச் சொல்லாமல் எல்லா மாடியையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பக்கத்துப் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார் கடைகள் உண்டு, யாராவது அக்கூஸ்டிக் கிட்டாரை மீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் பத்து நிமிடம் நின்று கேட்பது நஷ்டமில்லை.

கடைக்குள் என்ன சொல்வது

உண்மையைச் சொல்லுங்கள். “அங்கிள், நான் இந்தியாவிலிருந்து வேலையாக வந்திருக்கிறேன், இன்றைக்கு வாங்கப் போவதில்லை, இந்த இரண்டு ஜோடியையும் கேட்க ஆசை, எது உங்களுக்கு வசதியான நேரம்?” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஐம்பது கிலோ ஸ்பீக்கரை நகர்த்தி வைத்து, ஆம்ப் சூடாகும்வரை காத்திருந்து, ஒரு மணி நேரம் அறையை நமக்காக விடுகிறார்கள், அதற்கு இந்த நேர்மைதான் குறைந்தபட்ச மரியாதை. உள்ளூர் வாடிக்கையாளர் வந்துவிட்டால் எழுந்து இடம் கொடுங்கள். ஸ்பீக்கரின் கோனையோ (அதிரும் கூம்பு) ட்வீட்டரையோ (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) விரலால் தொடாதீர்கள். ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஃபோனையும் அமைதியில் வையுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டால் அந்த மாலை அவ்வளவுதான்.

என்ன ஆம்ப் மாட்டியிருக்கிறது, அதன் விலை என்ன என்று கேளுங்கள். ஸ்பீக்கர் விலையைப்போல மூன்று மடங்கு ஆம்ப்பில் ஓடிக்கொண்டிருந்தால், உங்களுடையதற்கு நெருக்கமான ஒன்றை மாட்ட முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

நாற்காலியில் உட்கார்ந்தபின்

முதலில் இடம். இரண்டு ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே ஏறக்குறைய சமபக்க முக்கோணம் இருக்கவேண்டும், காது ட்வீட்டர் உயரத்தில். வீட்டில் நீங்கள் 8 அடியில் உட்காருவீர்கள் என்றால் கடையிலும் நாற்காலியை 8 அடிக்கு இழுத்துப் போடச் சொல்லுங்கள், தயங்கவேண்டாம். உங்கள் வீட்டில் ஸ்பீக்கர் சுவரை ஒட்டி ஓர் அடியில்தான் நிற்கும் என்றால் அதையும் சொல்லுங்கள்.

அடுத்து வால்யூம், இதில்தான் ஏமாறுகிறோம். சத்தம் ஒரு டெசிபல் கூடினாலே நம் காது அதைச் ‘சத்தம் அதிகம்’ என்று சொல்லாது, ‘இன்னும் தெளிவாக, உயிரோட்டமாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். ஒரு ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி (ஒரே மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 85 டெசிபல், இன்னொன்றுக்கு 88 என்றால் ஆம்ப்பின் குமிழைத் தொடாமல் மாற்றிப் போட்டாலே இரண்டாவது சத்தமாக ஒலிக்கும், நீங்களும் அதையே சிறந்தது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் ஐஃபோனுக்கு இலவசமாக வெளியிட்டிருக்கும் ஒலியளவு ஆப் ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் இந்த மாதிரி ஆப்கள் உண்டு. ஃபோனைக் காதிருக்கும் உயரத்தில் பிடித்து, ஒரே பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான சீரான இரைச்சல்) கோப்பைப் போட்டு, இரண்டு ஜோடியும் ஒரே அளவு காட்டும்படி குமிழைச் சரிசெய்யுங்கள். பரிசோதனைக்கூடத் துல்லியம் கிடைக்காது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

கண்ணை மூடுவது கேட்கும்போது. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 1994-இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூல், ஷான் ஒலிவ் இருவரும் ஹார்மன் ஆடியோ நிறுவனத்தில் செய்த சோதனையில், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு கேட்டபோதும் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோதும் மதிப்பெண் மாறியது. அனுபவசாலிகளும் இதற்கு விலக்கில்லை. வெனீர் பளபளப்பும் விலைச்சீட்டும் காதுக்குள் போய்விடுகின்றன. திரை கட்டச் சொல்ல முடியாது, கண்ணை மூடிக்கொள்ளலாம்.

இப்போது பாட்டு. கடைக்காரர் பெரும்பாலும் ஒரு பெண் குரலும் கிட்டாரும் மட்டும் உள்ள மேற்கத்தியப் பாட்டைப் போட்டு ஆரம்பிப்பார், அதில் எந்த ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். மரியாதைக்கு ஒன்று கேட்டுவிட்டு உங்கள் பென்டிரைவை நீட்டுங்கள்.

மோனோ பாட்டிலிருந்து தொடங்குங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சங்கதி ஓடுவதால் பாடகர் நட்டநடுவில், ஒரு சாண் அகலத்தில் நிற்கவேண்டும். குரல் அகலமாகப் பரவியிருந்தாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ வைத்திருக்கும் விதத்தில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு கேட்பது வீண்.

பிறகு குரல். நமக்குப் பரிச்சயமான குரலைவிடக் கறாரான கருவி கிடையாது. ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களில் சீறுகிறதா, ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறதா, மூக்கடைத்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். குரல் வரும் இந்த நடுப்பகுதியில் பெருமளவு ஸ்பீக்கரின் சொந்தக் குணம், எந்த அறைக்குப் போனாலும் கூடவே வரும். இங்கே பிடிக்கவில்லை என்றால் பாஸ் எவ்வளவு அமர்க்களமாக இருந்தாலும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கம்) விரல் பட்டதும் எழும் நாதத்தில் தோலும் சோறும் (நடுவிலுள்ள கருப்புப் பூச்சு) ஸ்ருதியும் சேர்ந்து ஒரே அடியாக வருகிறதா, இல்லை ‘டிக்’ ஒன்று முன்னால் வந்து நாதம் பின்னால் தனியாக வருகிறதா? இடப்பக்கத் தொப்பியில் கும்கி கொடுக்கும்போது ஸ்வரம் வளைந்து மேலே ஏறுவது தெளிவாகக் கேட்கவேண்டும். நல்ல ஸ்பீக்கரில் உள்ளங்கை அழுந்தி நகர்வதே தெரியும். மோசமானதில் எல்லாக் கும்கியும் ஒரே ‘தொம்’தான். அப்படி ‘தொம்’ என்று கேட்டால் உடனே ஸ்பீக்கர் மேல் பழி போடாமல் எழுந்து நாலடி முன்னால் வந்து கேளுங்கள். சத்தத்தின் குணம் மாறினால் அது அறையின் வேலை, மாறாவிட்டால் ஸ்பீக்கரின் வேலை.

தம்புராவுக்கு வாருங்கள். குதிரையில் தந்திக்கு அடியில் வைக்கும் நூலால் எழுகிற அந்த ரீங்காரம் மேலேமேலே விரிந்துகொண்டே போகவேண்டும். அது கொசு மாதிரி காதைத் துளைத்தால் ட்ரெபிள் தூக்கலாக இருக்கிறது. ஐந்து நிமிடம் தம்புரா ஓடவிட்டு, களைப்பு வருகிறதா என்று பார்ப்பதைப்போலச் சோதனை வேறில்லை, கடைக்காரர் உங்களை ஒருமாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

வயலின் கூட்டத்தைப் போட்டுவிட்டு எழுந்து நடங்கள். பக்கவாட்டில் போய் நின்று கேட்டால் சத்தம் குறையலாம், ஆனால் நிறம் அடியோடு மாறக்கூடாது. வீட்டில் நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு சுவரில் பட்டு வரும் இந்தப் பக்கவாட்டு ஒலிதான். கம்பளமும் ஒலித்தடுப்புப் பலகையும் உள்ள ஷோரூம் இதை மறைத்துவிடும், டைல்ஸ் தரை மறைக்காது.

கடைசியாக வால்யூமை நன்றாகக் குறையுங்கள். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தை தூங்கும்போது நீங்கள் வைக்கும் அளவுக்கு. சத்தம் குறையும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் சீக்கிரம் காணாமல் போகும், இது எல்லோருக்கும் உள்ளது. அப்படியும் பாட்டின் அடித்தளம் மிஞ்சுகிறதா என்பது அடுக்குமாடியில் இருப்பவருக்கு மற்ற எதையும்விட முக்கியம். பெரிய ஸ்பீக்கர்களில் சில நல்ல சத்தத்தில்தான் எழுந்து உட்காரும், அவற்றை யாரும் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தனி வீடு இருப்பவர்கள் வாங்கட்டும்.

ஒரே உட்காரலில் மூன்று ஜோடிக்கு மேல் கேட்காதீர்கள். ஒலியின் நுணுக்க ஞாபகம் சில நொடிகளில் கரைந்துவிடும், அதனால் ஒரே பாட்டின் ஒரே அரை நிமிடத்தை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, தோன்றியதை உடனுக்குடன் எழுதுங்கள். ‘நன்றாக இருந்தது’ என்று எழுதாதீர்கள், அது ஊருக்கு வந்தபிறகு எதற்கும் உதவாது. ‘சரணத்தில் இரண்டாவது வரி, சீறல்’, ‘கும்கி தெளிவு, பின்சுவரிலிருந்து 4 அடி’ என்று எழுதுங்கள். முடிந்தால் ஊருக்குக் கிளம்பும் முன் ஒருமுறை திரும்பிப் போய், முதலிடம் பெற்ற ஜோடியை மட்டும் குறிப்பெடுக்காமல் கேளுங்கள். நல்லதாக இருந்தால் அப்போது ஸ்பீக்கரை மறந்து பாட்டுக்குள் போயிருப்பீர்கள்.

தோக்கியோ போகிறவர்களுக்கு

அக்கிஹபராவில் டைனமிக் ஆடியோ 5555 என்று மாடிக்கு மாடி ஸ்பீக்கர் வைத்திருக்கும் கடை இருக்கிறது, பக்கத்திலேயே யோடோபாஷி என்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தொடரின் பெரிய கிளை. யோடோபாஷியில் நிறைய மாடல்களை மேலோட்டமாகக் கேட்கலாம், உட்கார்ந்து கேட்க முதலாவது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். சாதாரண பாஸிவ் ஸ்பீக்கருக்குப் பிரச்சினையில்லை, ஆனால் உள்ளேயே ஆம்ப் உள்ள ஆக்டிவ் ஸ்பீக்கரையோ தனி ஆம்ப்பையோ அங்கே வாங்கி வந்து நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான். சிங்கப்பூரில் 230 என்பதால் பிளக்கை மாற்றினால் போதும்.

அங்கேயே வாங்கலாமா?

என் பதில் பெரும்பாலும் வேண்டாம் என்பதே. உத்தரவாதம் பல பிராண்டுகளில் வாங்கிய நாட்டுக்கு மட்டும்தான். ட்வீட்டர் போனால் இங்கே உள்ள விநியோகஸ்தர் கையை விரிப்பார். அங்கே கேட்டு முடிவுசெய்து, இங்கே உள்ள டீலரிடம் விலை பேசி, வீட்டில் கொண்டுவந்து போட்டுக்காட்ட ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்பதுதான் நிம்மதி. பாஸ் உங்கள் அறையில் எப்படி என்ற கேள்விக்கும் அப்போதுதான் விடை கிடைக்கும்.

விலை வித்தியாசம் மனதைக் கெடுக்கிறது, வாங்கியே தீருவேன் என்றால் கணக்கை முழுசாகப் போடுங்கள். சிங்கப்பூர் விலையில் 2024 முதல் 9 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறது; சுற்றுலாப் பயணிகளுக்கான திருப்பித்தரும் திட்டத்தில் அந்தக் கடை இருந்தால், 100 வெள்ளிக்கு மேல் வாங்கும்போது பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்துகொள்ளலாம். சாங்கியில் பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்பே வரி திருப்பித்தரும் இயந்திரத்துக்குப் போகவேண்டும், பொருளைக் காட்டச் சொல்வார்கள் என்பதால். இந்தியாவில் இறங்கியதும் சுங்கவரி. வரம்பும் விகிதமும் மாறிக்கொண்டே இருப்பவை, கிளம்பும் முன் சுங்கத்துறைத் தளத்தில் பார்த்துவிட்டு, இறங்கியதும் சிவப்பு வழியில் போய் நீங்களே அறிவித்துக் கட்டிவிடுங்கள். கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா மாதிரி சின்ன ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் 7.8 கிலோ என்றால் ஜோடியைப் பெட்டியோடு எடுத்துவந்துவிடலாம். ஃப்ளோர்ஸ்டாண்டர் (தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்) என்றால் சரக்குதான். பெரிய காந்தம் உள்ள பொருளுக்கு விமானச் சரக்கில் தனி விதி இருக்கிறது, ஏஜென்டிடம் ஸ்பீக்கர் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து, இரண்டின் வரிசை எண்ணும் ஜோடிதானா, ட்வீட்டரில் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் அங்கேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேளுங்கள். அந்த எண்களைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு, பழைய தெர்மோகோலிலேயே திரும்பப் பொதியச் சொல்லுங்கள்.